ஜி.எம்-ஆ (கத சொல்லி டைஸ் உருட்டி ஆடுத ரோல்-பிளே கேம நடத்துத ஆளா) ஒக்காந்து நீங்க குடுத்த ஒரு தீர்ப்பு இன்னும் உறுத்துதா? உங்க அனுபவத்த சொல்லுங்க

வண்ணாரப்பேட்ட மாடி

2023 டிசம்பர் 17, 18 நம்ம எல்லாருக்கும் தெரியும், அதனால திருநவேலி வெள்ளத்த பத்தி கத சொல்லப் போறதில்ல. கீழ வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, மாடில ஒத்த ரூம்ல நாங்க எட்டு பேரு. கரண்டு கெடையாது, போன் செத்துப்போச்சு, ரூல் புக்கு பூராவும் அதுக்குள்ளதான். டைஸ் வச்சிருந்த பை கீழ பீரோல, அது இந்நேரம் ஸ்ரீவைகுண்டம் தாண்டியிருக்கும். பிள்ளைய நச்சரிப்பு தாங்காம ஆச்சியோட தாயக்கட்டய எடுத்து, ஞாபகத்துல இருந்தத வச்சு லைட்டா ஒரு கேம் ஆரம்பிச்சேன். பலம், வேகம், மனசு, மூணே மூணுதான். அடிக்கதுக்கு தனியா ரோல் (உருட்டு) கெடையாது, ஓங்குனா படும். மத்ததுக்கு ரெண்டு கட்டையும் உருட்டணும், கூட்டி நாலும் அதுக்கு மேலயும் வந்தா நெனச்சது நடக்கும், ரெண்டு மூணுன்னா நடக்கும் ஆனா கூடவே ஒரு ஏழரை வரும், தாயம் விழுந்தா நடக்காது, ரெண்டும் வெறும் பக்கமா விழுந்தா ஆள் காலி. இத முன்னாடியே சொன்னேன். சொன்னேன்னுதான் நெனைக்கேன்.

கதையும் சன்னல் வழியா பாத்ததுதான். ஆத்துக்குள்ள முங்குன கோயில், உள்ள ஒரு மணி, அத அடிச்சா வெள்ளம் வடியும். குறுக்குத்துறை கோயில பாத்து வளந்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். அக்கா மகளுக்கு அப்ப ஒம்பது வயசு, அவ கேரக்டர் பேரு மீன்கொத்தி. மத்தவனுவ எல்லாம் கரையில கயித்த புடிச்சிட்டு நிக்கானுவ, இவ ஒருத்திதான் முங்குதா. "மூச்சு முட்டுது, ஆனா மணி கைக்கு எட்டுதுல்லா மாமா"ன்னு சொல்லிட்டு உருட்டுனா. ரெண்டும் வெறும்.

நான் வாயத் தொறக்கதுக்குள்ள, அதுவரைக்கும் மூலைல செவத்த பாத்து படுத்துக் கெடந்த ஆச்சி எந்திரிச்சு எட்டிப் பாத்து, "ஏட்டி, பன்னெண்டுல்லா விழுந்திருக்கு! இன்னொரு ஆட்டமும் உண்டு"ன்னாவ. பிள்ள மொகம் அப்படியே மலந்துட்டு. எல்லாரும் என்னையே பாக்காவ. நான் "இல்ல ஆச்சி, இந்த கேம்ல அது சாவு"ன்னேன்.

தண்ணி வடியுத வரைக்கும் அவ எங்கிட்ட பேசல. ரூல் பிரகாரம் நான் செஞ்சதுல தப்பில்ல. ஆனா அந்த "எட்டுதுல்லா" இன்னும் காதுல கேக்கு.

கல்லிடை அப்பளம்

தப்புதான் அண்ணாச்சி. கட்டை ஆச்சியோடது, அப்ப தீர்ப்பும் ஆச்சியோடதுதான. தாயத்துல ரெண்டும் வெறும்னா பன்னெண்டுன்னு திருநவேலில பொறந்த பிள்ளைக்கு பால் குடிக்கும்போதே தெரியும், அத சாவுன்னு மாத்துனது ரூலே இல்ல, அழிச்சாட்டியம்.

நமக்கு பெருசா அனுபவம்லாம் இல்ல. ஒரு தடவ டிராகன் வந்துச்சு, நான் பை நெறைய அல்வா வச்சிருக்கேன்னு சொன்னேன், ஜி.எம். ரோலே கேக்காம அத ஒறங்க வச்சுட்டான். அதுக்கப்புறம் எனக்கு அந்த கேம்ல மரியாதையே போச்சு.

பாளை கணக்கு

2019-ல நான் மொத மொத நடத்துன செஷன்ல ஒருத்தன் கதவ தொறக்கேன்னான், நான் சும்மா இருக்காம ரோல் கேட்டேன், தோத்துட்டான். அந்த கதவுக்கு அந்தப்பக்கம்தான் நான் எழுதுன கதையே இருந்துச்சு. மூணு மணி நேரம் நாலு பேரு ஒரு கதவு முன்னாடி நின்னோம். அவ்ளதான் என் கத.

இப்ப மாடி அண்ணனுக்கு. ஒரு கட்டைல 0, 1, 2, 3 நாலு பக்கம், ரெண்டு கட்டை சேந்து 16 விதமா விழும். உங்க ரூல்ல முழு வெற்றி அதுல 6, இழுபறி 7, மோசம் 3. ஆறு பக்க டைஸ் ரெண்டு உருட்டி 10-ம் அதுக்கு மேலயும்னா முழு வெற்றி, 7-ல இருந்து 9 வர இழுபறின்னு ஒரு சிஸ்டம் இருக்குல்ல, அதுல ஒண்ணும் கூட்டாம வெறுமன உருட்டுனா முழு வெற்றி 36-ல 6, இழுபறி 15, தோல்வி 15. அதோட பாத்தா நீங்க தாராளமான ஆளுதான். கோளாறு எங்கன்னா அந்த 16-ல ஒண்ணுக்கு சாவுன்னு வச்சது. ஒரு சாய்ங்காலத்துக்கு மேசை மொத்தமா 40 தடவ உருட்டுனா சராசரியா ரெண்டு மூணு எழவு விழும். இருபது பக்க டைஸ்ல 1 விழுறதே 20-ல ஒண்ணுதான், அதுக்கே நல்ல ஜி.எம். யாரும் ஆள கொல்ல மாட்டான்.

அதனால மூணு காரியம் செய்ங்க. சாவு எப்பவும் அடிபட்டு ஹெச்.பி. (உயிர்ப் புள்ளி) கொறஞ்சுதான் வரணும், ஒத்த உருட்டுல வரக்கூடாது. அடுத்தது, உருட்டுறதுக்கு முன்னாடி "தோத்தா இது போகும், இப்பவே திரும்புறியா"ன்னு கேட்டுடணும், முக்கியமா சின்னப் பிள்ளைய இருந்தா. அப்புறம் ரெண்டும் வெறும்னா பன்னெண்டுன்னே வச்சுக்கோங்க, கேட்டதுக்கு மேல கெடைக்கும் ஆனா வெல ஒண்ணு குடுக்கணும், அந்த வெலய உருட்டுன ஆளே சொல்லட்டும். மணி கைக்கு வந்துட்டு, ஆனா மீன்கொத்திக்கு கொரல் போயிட்டு, இப்படி. ரூல் கம்மியா இருக்க கேம்ல ஒரு வரிய மாத்துனா மொத்த கேமும் ஆடும், நூறு பக்க ரூல் புக்குல பத்து வரி மாத்துனாகூட ஒண்ணும் தெரியாது. அதனால ஒரு செஷனுக்கு ஒரு மாத்தம்தான், அதயும் ஒரு அட்டைல எழுதி நடுவுல வைங்க. பந்தத்துக்கு யூசேஜ் டை (சாமான் தீந்துச்சான்னு பாக்க உருட்டுத டைஸ்) வச்சு பாருங்க, ஆறு பக்கத்துல 1, 2 விழுந்தா நாலு பக்கத்துக்கு எறங்கும், அதுலயும் 1, 2 விழுந்தா அணைஞ்சுடும், சராசரியா அஞ்சு உருட்டு தாங்கும்...

கல்லிடை அப்பளம்

யாரு வே பந்தத்த பத்தி கேட்டா?

சாமக்கொடை

பந்தம்னதும் எனக்கு எரியுது. அம்பைக்கு மேக்க நம்ம ஊரு. வெளிநாட்டு மான்ஸ்டர் எல்லாத்தயும் தூக்கிட்டு நம்ம ஊருக்கு மாத்துனேன், கோப்ளினுக்கு பதில் குட்டிச்சாத்தான், பூசாரி மாதிரி வார கிளெரிக்குக்கு பதில் கோமரத்தாடி (சாமியாடி), ஜோரா போச்சு. கடைசி செஷன் நடுச்சாமம், சுடுகாடு. அதுக்கு சுடலைமாட சாமிய எழுதி வச்சிருந்தேன். ஹெச்.பி. 30, ஆர்மர் (கவசம்) 2, கைல இருக்க வல்லயத்துக்கு (ஈட்டி) பத்து பக்க டைஸ் டேமேஜ். பெருமயா வேற இருந்துச்சு.

முறுக்கு எடுக்க எட்டுனவன் கண்ணுல நோட்டு பட்டுட்டு. சின்ன வயசுலேந்து கூடவே படிச்சவன், அவங்க அப்பா வருசா வருசம் கோயில் கொடைக்கு சாமியாடி பந்தத்தோட வேட்டைக்கு போறவாவ. அவன் சத்தம் போடல. நோட்ட என் பக்கம் திருப்பி வச்சு, "எங்க சாமிக்கு முப்பது ஹெச்.பி. போட்டிருக்கியாலே?"ன்னு கேட்டான். கைய கழுவிட்டு, செருப்ப மாட்டிட்டு போயிட்டான்.

அடுத்த கொடைக்கு வீட்டுக்கு வந்து அழைச்சான், போனேன், அவங்க அப்பாதான் எனக்கு திருநாறு பூசுனாவ. அதப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேரும் பேசினது இல்ல. முப்பதுங்கது கொறச்சலா போச்சா, போட்டதே தப்பான்னு எனக்கு இன்னும் தெரியல.

தேரிக்காட்டு நரி

போட்டதே தப்பு, இதுல என்ன சந்தேகம். ஆனா சாமிய கொண்டாந்தது தப்பில்ல. கொடைல வில்லடிக்காவ ராத்திரி முச்சூடும் சுடலை கதைய சொல்லுதாவ, கேக்க சனம் அழுது, சிரிக்கி, யாரு எந்திரிச்சு போனா? அங்க நம்பர் கெடையாது, அதான் விசயம். என் மேசைல சாமி வந்தா ரோலே கெடையாது, பேரம் மட்டும்தான். என்ன படைக்கப் போற, அதச் சொல்லு.

சாமக்கொடை

நீரு கொடைக்கு கரகாட்டம் பாக்க வாரவரு, எனக்கு வில்லுப்பாட்டு சொல்லித் தராதீரும். கத சொல்லுத ஆள் கதைய மாத்த மாட்டாவ. நம்ம மேசைல நாலு பேரு சேந்து சாமிய வெட்டுறதுக்கு பிளான் போட்டுட்டு இருந்தானுவ. அதுவும் இதுவும் ஒண்ணா?

தேரிக்காட்டு நரி

சரி விடும். என் கதைய சொல்லுதேன். குதிரைமொழித் தேரிய (செம்மணல் காடு) அப்படியே மேப்பா வச்சு ஒண்ணு நடத்துனேன். ஆளுக்கு சாமான் வைக்க பத்து எடம், களைச்சா அந்த களைப்பும் ஒரு எடத்த அடைச்சுக்கும், பத்தும் நெறஞ்சா ஹெச்.பி. பூஜ்யம். இந்த பத்து எட கணக்கு எனக்கு ரொம்ப புடிக்கும், வேற எந்த ரூலும் இல்லாட்டாலும் இது ஒண்ண வச்சே ஒரு ராத்திரிய ஓட்டிரலாம். உச்சி வெயில்ல செம்மணல்ல நடந்தா மணிக்கு ஒரு களைப்புன்னு நான் சேத்துக்கிட்டேன், தண்ணிக் கொடத்துக்கு ரெண்டு எடம்.

ஒருத்தன்கிட்ட ரெண்டு சிப்பம் கருப்பட்டி, திருச்செந்தூர் கொண்டு சேக்க வேண்டிய சரக்கு. ஒம்பது எடம் நெறஞ்சாச்சு, அடுத்த களைப்பு வருது, எதையாவது போட்டே ஆகணும். எல்லாரும் சிப்பத்த போடுலேங்காவ. அவன் கொடத்த மணல்ல கவுத்துட்டான். வெளயாட்டுதான், ஆனா எனக்கு தொண்ட காஞ்சு போச்சு. ஏன்லேன்னேன். "கடனுக்கு எடுத்த சரக்குண்ணே, தண்ணிக்காவ அத போட முடியாது"ன்னான்.

அவன் நெசத்துல பலசரக்கு கட போட்டு அப்ப ஆறு மாசம். நான் அடுத்த களைப்ப போடல, "மேகம் கூடிட்டு"ன்னு சொல்லி செஷன முடிச்சுட்டேன். அவன் கேரக்டர் தேரிய தாண்டுனானா இல்லையான்னு இன்னைக்கும் யாருக்கும் தெரியாது. அவனும் கேக்கல.

பாளை கணக்கு

மணிக்கு ஒரு களைப்புங்கது ரொம்ப கடுமை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு வச்சிருந்தா அவன் கொடத்த கவுக்க வேண்டிய அவசியமே...

தேரிக்காட்டு நரி

தம்பி, நீ வெயில்ல தேரிக்குள்ள நடந்திருக்கியா?

வண்ணாரப்பேட்ட மாடி

எல்லாரும் எழுதுனதுக்கு சந்தோசம். கணக்கு தம்பி, நாங்க 40 தடவலாம் உருட்டல, பதினஞ்சு இருந்தா அதிகம். கொரல் போற யோசன நல்லாருக்கு, அன்னைக்கு தோணல. பசி வேற.

ஆச்சி போன ஆவணில போயிட்டாவ. வீட்ட ஒதுங்க வைக்கும்போது யாருக்கு என்ன வேணும்னு கேட்டதுக்கு அக்கா மக தாயக்கட்டைய மட்டும் கேட்டு வாங்கிட்டா. பொங்கலுக்கு வந்தப்ப ஒரு ஆட்டம் போடுவமா, மீன்கொத்திய திரும்ப கொண்டாரலாம்னு கேட்டேன். "நீங்க ஆச்சி ரூல ஒத்துக்கிட்டா வாரேன்"ன்னா. இன்னும் ஆடல.

கல்லிடை அப்பளம்

கட்டை பித்தளையா அண்ணாச்சி?

வண்ணாரப்பேட்ட மாடி

பித்தளதான். ரொம்ப பழசு, ஒண்ணுல ஒரு ஓரம் நசுங்கி சப்பையா இருக்கும், அந்தப் பக்கமாவே படுக்கும்.

பாளை கணக்கு

அப்ப நான் போட்ட 16 கணக்கு பூராவும் தப்பு. அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?