பதிமூணு கண் பாலத்தைப் பித்தளை நாணயத்தில் ஏற்றிய கதை

இரண்டு பக்கமும் கடைந்து நாணயம் செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம். ஊர் செங்கோட்டை. அப்பா புனலூர் மீட்டர் கேஜ் லைனில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர், 2010-ல் அந்த ரயில் நின்றபோது வீட்டில் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு பக்கம் அந்த லைனில் இருக்கிற கழுதுருட்டி பதிமூணு கண் பாலம், மறுபக்கம் ஆச்சி வைத்திருந்த திருவிதாங்கூர் செப்புக் காசான சக்கரத்தில் இருக்கிற மாதிரி ஒரு சங்கு என்று முடிவு செய்தேன். 1956 வரை எங்கள் ஊரும் திருவிதாங்கூர்தானே, 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று ஆச்சி கணக்குச் சொல்வாள். காசு மதிப்பு மட்டும் எதுவும் போடவில்லை, பணம் போலப் புழங்க உலோகத் துண்டு செய்வதை 2011 நாணயச் சட்டம் தடுக்கிறது.

தென்காசிப் பக்கம் ஒரு அண்ணாச்சியின் பட்டறையில் சின்ன சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தைச் செதுக்கும் மெஷின், இருக்கிறது. 50 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனமுள்ள பித்தளைப் பட்டை வாங்கிக் கொடுத்தேன். நாணயம் 36 மி.மீ., உருவத்தின் உயரம் 0.4, விளிம்பு அதைவிடக் கொஞ்சம் உயரம். விளிம்பு தூக்கலாக இருந்தால்தான் மேஜையில் உரசும்போது படம் தேயாது. பாலத்தின் போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளுப்பு மேடு, கறுப்பு பள்ளம் என்று அப்படியே உயரமாக மாற்றியது என் முதல் தப்பு, நிழல் விழுந்த இடமெல்லாம் குழியாகிவிட்டது. பிறகு ஒவ்வொரு வளைவையும் கேட் (CAD) என்கிற கம்ப்யூட்டர் வரைபட மென்பொருளில் கையால் வரைந்தேன். ஒரு வளைவுக்கு இரண்டு மி.மீ. சொச்சம்தான் இடம், 1 மி.மீ. டூல் உள்ளே போகவே இல்லை, முனை உருண்டையான 0.5 மி.மீ. பால் நோஸ் டூல் போட்டு, 0.05 மி.மீ. நகர்த்தி நகர்த்தி ஓட்டியதில் ஒரு பக்கத்துக்கு மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஆனால் உண்மையான வேலை பக்கம் திருப்புவதில்தான் இருக்கிறது. முதல் நாணயத்தைத் திருப்பிப் பசை போட்டு ஒட்டி, விளிம்பைத் தொட்டு ஜீரோ (மெஷின் அளக்கத் தொடங்கும் புள்ளி) எடுத்தோம். சங்கு 0.3 மி.மீ. தள்ளிப் போய், விளிம்பு ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் நூலாகவும் வந்தது. 0.3 என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும், கையில் எடுத்தால் கண் அங்கேதான் போய் நிற்கிறது. இரண்டாவதற்குப் பட்டையில் நாணயத்துக்கு வெளியே, நீளவாக்கு நடுக்கோட்டிலேயே இரண்டு பக்கமும் 25 மி.மீ. தள்ளித் துளை போட்டு டோவல் பின்னில் (இடம் மாறாமல் பிடிக்கும் உருளைக் கம்பி) மாட்டினோம். மையம் கச்சிதமாக வந்தது, சங்கு மட்டும் தலைகீழ்! நடுக்கோட்டில் இருக்கும் பின், பட்டையைப் புத்தகப் பக்கம் போலத் திருப்பினாலும் காலண்டர் தாள் போலத் திருப்பினாலும் ஒரே மாதிரி உட்காரும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. அமெரிக்க நாணயம் காலண்டர் மாதிரி. நம்ம ஊர் நாணயம் புத்தகம் மாதிரி, ஒரு ரூபாயைத் திருப்பிப் பாருங்கள். மூன்றாவதற்கு இரண்டு துளையையும் நடுக்கோட்டிலிருந்து 10 மி.மீ. மேலே ஏற்றினோம். அப்புறம் தப்பாகத் திருப்பினால் மாட்டவே மாட்டேன் என்கிறது. யாராவது செய்தால் முதலிலேயே இப்படிப் போட்டுவிடுங்கள், இரண்டு துண்டுப் பித்தளை மிச்சம்.

இதற்கு நடுவில் அந்தத் தள்ளிப்போன முதல் நாணயம் அப்பா கண்ணில் பட்டுவிட்டது. கண்ணாடியைப் போட்டு நகத்தால் ஒவ்வொரு வளைவாகத் தொட்டுக்கொண்டே போனவர், “ஏல, பன்னெண்டுதான இருக்கு?” என்றார். போட்டோவில் ஓரத்து மரம் ஒரு கண்ணை மறைத்திருக்கிறது, நானும் அதைப் பார்த்தே வரைந்திருக்கிறேன். அடிக்கடி ரயிலில் கடந்துபோன பாலம், ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இரண்டாவது நாணயத்துக்கு முன்பே ஃபைலைத் திருத்தினேன்.

மூன்றாவதைப் பிசிர் எடுத்து, பிறந்தநாள் அன்று காலையில் கையில் கொடுத்தேன். மறுபடியும் நகத்தால் எண்ணினார். பதிமூணு வந்ததும் திருப்பிச் சங்கைப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பழைய கூட்டாளிகளிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார்.