மூழ்கு, முழுகு, அமிழ், முங்கு எல்லாம் ஒண்ணா? தமிழ் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, பையனுக்கு 'மூழ்கு'ன்ற வினைச்சொல்லுக்கு அர்த்தமும் ஒத்த சொல்லும் எழுதணுமாம். முழுகு, அமிழ், ஆழ், முங்கு வரைக்கும் வந்துட்டேன், ஆனா எது எங்க வரும்னு தான் குழப்பம். 2021 பாலாறு வெள்ளத்துல தரைப்பாலம் மூழ்கிடுச்சுன்னு தான் சொன்னோம், அமிழ்ந்துச்சுன்னு யாரும் சொல்லல. அடகு வச்ச நகையும் மூழ்கித்தான் போகுது (இங்க வேலூர்ல இத அடிக்கடி கேக்கலாம்), குளத்துல மட்டும் முங்கி எந்திரிக்கிறோம். எங்க பாட்டி மாசமா இருக்கறவங்கள 'முழுகாம இருக்கா'ன்னுவாங்க, அது தலைக்கு ஊத்திக்கறத வச்சு வந்ததுன்றது தெரியும், அத நோட்டுல எழுத முடியாதே. ஆழ்வார்னா பக்தில ஆழ்ந்தவர், அத உதாரணமா போட்டா சரியா? கப்பலுக்கு மூழ்கு, அமிழ் ரெண்டுல எது பொருத்தம்? வேற சொல் இருந்தாலும் போடுங்க, நாளைக்கு காலைல நோட்டு குடுக்கணும்.