மறு: விளையாட்டுச் செய்தியில் ‘ரிலீஜியஸ் பிளைண்ட் ஸ்பாட்’ – தமிழில்?

குழுவினருக்கு வணக்கம். வீரரின் சமய நம்பிக்கை செய்திக்கு முக்கியமாக இருந்தும் விளையாட்டு நிருபர் அதை எழுதாமல் விடுவதை ஆங்கிலத்தில் ‘ரிலீஜியஸ் பிளைண்ட் ஸ்பாட்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்கு இதன் தமிழைத் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘சமயக் குருட்டுப்புள்ளி’ என்றே வைத்துவிடலாம். கண் மருத்துவத்தில் இருக்கிற சொல்தானே?

கண்ணுக்குச் சரி. அந்தப் புள்ளியில் விழுவதைப் பார்க்க நினைத்தாலும் முடியாது. விளையாட்டு நிருபர் விஷயம் வேறு. அவருக்குத் தெரியும், எழுத மாட்டார். இதற்குத்தான் ‘பாராமுகம்’ இருக்கிறதே! ‘சமயப் பாராமுகம்’ என்பது என் பரிந்துரை.

ஜோனதன் எட்வர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். 1995-ல் கோதன்பர்க்கில் 18.29 மீட்டர் தாண்டியவர். மும்முறைத் தாண்டலில் இன்றும் அதுதான் உலக சாதனை. கிறிஸ்தவரான அவருக்கு ஞாயிறு ஓய்வுநாள் என்பதால் 1991 டோக்கியோ உலகப் போட்டியை விட்டுவிட்டார். 1993-ல் மனம் மாறி ஞாயிற்றுக்கிழமையும் தாண்டினார். பல வருடம் கழித்து, 2007-ல், இறைநம்பிக்கையே போய்விட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். இவரைப் பற்றிய கட்டுரையில் சமயத்தை விட்டுவிட்டால், 1991-ல் ஏதோ காயம் போல என்றுதான் வாசகர் நினைப்பார். பாராமுகம் என்று நான் சொல்வது இந்த மாதிரி விடுபடலைத்தான்.

வென்றவர் மைக்கைப் பிடித்துக் கடவுளுக்கு நன்றி சொல்வதை வெட்டுவது இதில் சேராது. ‘இது கூட்டு முயற்சிக்குக் கிடைத்த வெற்றி’ என்பதையும்தான் வெட்டுகிறார்கள். தோற்றவரும் கும்பிட்டுவிட்டுத்தானே வந்திருப்பார்! பாராமுகம் என்று சொல்ல வேண்டுமானால், ஆட்டத்தையோ ஆள் தேர்வையோ நம்பிக்கை மாற்றியிருக்க வேண்டும். 1965 பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம் யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று வந்தது. டாட்ஜர்ஸ் அணியின் யூதப் பந்துவீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸ் அன்று பந்து வீசவில்லை. அவருக்குப் பதில் டான் டிரைஸ்டேல் வீசினார், டாட்ஜர்ஸ் தோற்றது. இங்கே யூத நோன்பைச் சொல்லாமல் ஸ்கோரை மட்டும் எழுத முடியுமா?

> முகமது அலியைப் பல வருடம் ‘கிளே’ என்றே எழுதியதும் இதில் வருமா?

வராது. கேசியஸ் கிளே என்ற குத்துச்சண்டை வீரர் 1964-ல் இஸ்லாமியப் பெயருக்கு மாறி முகமது அலி ஆனார். அதற்குப் பிறகு அமெரிக்கப் பத்திரிகைகள் அவருடைய சமயத்தை நன்றாகவே பார்த்தன, ஏற்கத்தான் மறுத்தன. அதற்குப் ‘பெயர்மறுப்பு’ என்று தனிச்சொல் வைக்கலாம். 2006-ல் கொழும்பு டெஸ்டின்போது வர்ணனையாளர் டீன் ஜோன்ஸ், தென்னாப்பிரிக்காவின் முஸ்லிம் கிரிக்கெட் வீரர் ஹாஷிம் அம்லாவைப் பயங்கரவாதி என்றது வெறும் வசை. ஜோன்ஸ் வேலையை இழந்தார். வசைக்குக் கலைச்சொல் எதற்கு?

அப்புறம், ‘நம்பிக்கைத் தவிர்ப்பு’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். விளையாட்டுப் பக்கத்தில் ‘நம்பிக்கை’ என்றால் தொடக்க ஆட்டக்காரர் அளிப்பது, குழப்பம்தான் வரும். ‘மதப் பாராமுகம்’ வேண்டாம் என்பதற்குக் காரணம், செய்தித்தாளில் ‘மதம்’ என்றாலே கலவரச் செய்தியின் வாடை அடிக்கிறது. ‘சமயம்’ நேரத்தையும் குறிக்குமே என்பீர்கள். கூட்டுச்சொல்லில் அந்தப் பொருள் வராது.

பட்டியலில் ஏற்றும்போது ‘சமயப்’ என்று ஒற்று மிகுத்து எழுதுங்கள். வினையாக வேண்டுமானால் ‘பாராமுகம் காட்டு’ போதும். ‘பாராமுகப்படுத்து’ மட்டும் வேண்டவே வேண்டாம்.