சேலையூர் வீடு: ஞாயிற்றுக்கிழமைக் குழு உரையாடல்

அண்ணன் (காலை 8.40): நேற்று தம்பி வீட்டை விற்க விளம்பரம் போட்டதிலிருந்து என் கைப்பேசி ஓயவில்லை. 14 அழைப்புகள். அதில் வீடு வாங்குகிறவர்கள் இரண்டே பேர். மற்ற எல்லாரும் தரகர்கள்.

நான்: "உரிமையாளர் நேரடி விற்பனை, தரகர்கள் அழைக்க வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேனே!

மாமா: அதுதான் அவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. இந்த வீட்டை இன்னும் எந்தத் தரகரும் பிடிக்கவில்லை என்று நீயே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாய்.

அண்ணன்: ஒருவர் மட்டும், தான் தரகரே இல்லை என்றார். மைத்துனருக்கு வீடு பார்க்கிறாராம். கேட்ட கேள்விகளைப் பாருங்கள். தெரு எத்தனை அடி, மூலப்பத்திரம் கையில் இருக்கிறதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது, "என்ன சார் அவசரம், பாகப்பிரிவினையா?" மைத்துனருக்குப் பார்க்கிறவர் கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்குமா என்றல்லவா முதலில் கேட்பார்?

அக்கா: பேச்சுக்குப் பேச்சு "கடவுள் புண்ணியத்தில்" என்பாரே, அவரா?

அண்ணன்: அவரேதான். உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: நேற்று இரவே எனக்கு அழைத்தார். நான் விலை எதுவும் பேசவில்லை அண்ணா. ஜூனுக்குள் முடிந்தால் பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவும் என்று மட்டும் சொன்னேன்.

அண்ணன்: சரியாகப் போயிற்று. அதனால்தான் இன்று காலை என்னிடம், "உங்கள் தங்கை ஒரு கோடியே அறுபதுக்கே சம்மதித்துவிட்டார், நீங்கள்தான் இழுக்கிறீர்களாம்" என்றார்.

அக்கா: என்ன அநியாயம்! அறுபது என்ற வார்த்தையே என் வாயில் வரவில்லை. அண்ணன் பேராசைப்படுகிறார் என்று என்னிடம் சொன்னவரும் அவர்தான். நான் அதைக் குழுவில் போட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான்: என்னிடமும் பேசினார். பெங்களூரில் இருக்கிறவருக்கு அலைச்சல் எதற்கு என்று ஒரே பரிவு. சதுர அடி 7,500 சொல்கிறோம், ஒரு கிரவுண்டுக்கு, அதாவது 2,400 சதுர அடிக்கு, 1 கோடியே 80 லட்சம் என்றேன். பழைய வீடு, இடிக்கிற செலவு, தெரு குறுகல் என்று அடுக்கிவிட்டு, "உங்கள் கைக்கு 1 கோடியே 65 லட்சம். எனக்குக் கமிஷன் ஒரு ரூபாய் வேண்டாம். மேலே வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கமிஷன் வேண்டாம் என்றதும் நல்ல மனிதராக இருக்கிறாரே என்று நினைத்தேன்.

மாமா: அடேய், அதற்குப் பெயர் நெட் ரேட். 31 வருடம் பதிவுத் துறையில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சதவீதக் கமிஷன் என்றால் உன் 1.80 கோடிக்கு அவருக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். நெட் என்றால் அவர் எவ்வளவுக்கு விற்கிறார் என்று கேட்கிற உரிமையே உனக்குக் கிடையாது.

அண்ணி: கொஞ்சம் இருங்கள். ஒரு படம் அனுப்புகிறேன்.

அண்ணி: வேறொரு தளத்தில் இன்று காலை வந்த விளம்பரம். சேலையூர், 2,400 சதுர அடி, கிழக்குப் பார்த்த தனி வீடு, விலை 1 கோடியே 92 லட்சம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

நான்: இது நான் எடுத்த படம்!

அண்ணி: ஆமாம். கிணற்றடியில் அத்தையின் நீல வாளி இருந்ததல்லவா? அதை வெட்டிவிட்டார்கள். வாளியின் நிழல் மட்டும் துணி துவைக்கிற கல்லின் மேல் அப்படியே இருக்கிறது.

அக்கா: 27 லட்சம் வித்தியாசம். ஒரே ராத்திரியில்.

மாமா: விளம்பரத்தில் கேட்கிற விலையெல்லாம் கிடைத்துவிடாது. 1.78க்கு முடித்தால்கூட அவருக்கு 13 லட்சம் நிற்கும். சரி, முன்பணம் பற்றி ஏதாவது சொன்னாரா?

அண்ணன்: நாளைக்கே 2 லட்சம் ரொக்கமாகத் தருகிறாராம். மூன்று மாத ஒப்பந்தம். கூடவே நமக்குப் பதில் அவரே கையெழுத்துப் போட ஒரு பவர் எழுதிக் கொடுத்தால் நாங்கள் யாரும் அலைய வேண்டாமாம்.

மாமா: மூன்றும் வேண்டாம். வீட்டு முன்பணத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கவே கூடாது. வாங்கினால் அதே தொகை அபராதமாக வரலாம், அதுவும் வாங்கிய உங்களுக்கு. அடுத்தது ஒப்பந்தம். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அவர் வந்து கையெழுத்துப் போட்டு ரத்து செய்யாதவரை அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். 2 லட்சத்தில் உங்கள் வீட்டுக்கு அவர் ஒரு பூட்டுப் போடுகிறார். பவர் கொடுத்தால் சாவியும் அவரிடமே.

நான்: வீட்டைக் காட்டிக் கமிஷன் வாங்குவது வேறு, நம்மிடம் விலை பேசிப் பூட்டி வேறு ஆளிடம் விற்பது வேறு. இது இன்றைக்குத்தான் எனக்கு உறைக்கிறது.

அக்கா: அவருடைய அட்டையில் ரேரா என்று பெரிதாகப் போட்டிருக்கிறதே மாமா?

மாமா: ரேரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். அதில் தரகர்கள் செய்கிற முகவர் பதிவு, பதிவான புதிய மனைத் திட்டங்களிலும் அடுக்குமாடித் திட்டங்களிலும் விற்பதற்கு. நம் பழைய வீட்டு மறுவிற்பனைக்கு அது காப்பு இல்லை. அதற்காகத் தரகர் என்றாலே திருடர் என்று நினைக்காதீர்கள். என் மாம்பலம் வீட்டுக்கு வந்தவர் வங்கிக் கடன் தயாராக இருந்த ஆளைக் கொண்டுவந்தார், பட்டாவில் இருந்த பெயர்ப் பிழையைத் தாலுகா அலுவலகத்துக்கு நாலு முறை நடந்து திருத்தினார். பேசிய ஒரு சதவீதத்தைக் கணக்குப் பார்க்காமல் கொடுத்தேன். வேண்டுமானால் அப்படி ஒருவரைப் பிடியுங்கள். வாங்குகிறவரை நேரில் கொண்டுவரட்டும், விலையை அவர் எதிரிலேயே பேசலாம்.

அண்ணன்: பத்திரத்தில் அரசு குறித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டலாம், மீதியைக் கையில் தருகிறேன் என்றும் சொன்னார். வாங்குகிறவருக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தில் மிச்சமாம்.

மாமா: மிச்சம் வாங்குகிறவருக்கு, தலைவலி உங்களுக்கு. முழுப் பணமும் வங்கி வழியாக வரட்டும். 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் வரி பிடிப்பார், அது உங்கள் வருமான வரிக் கணக்கில் சேர்ந்துவிடும்.

அக்கா: இனி யார் அழைத்தாலும் அண்ணனிடம் பேசுங்கள் என்று மட்டும் சொல்வேன். ஜூன் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன்.

நான்: நானும். ஆனால் ஒன்று புரியவில்லை. விளம்பரத்தில் அண்ணன் எண் மட்டும்தான் இருந்தது. எங்கள் இருவரின் எண்ணும் அவருக்கு எப்படிக் கிடைத்தது?

அம்மா (காலை 11.05): நான்தான் கொடுத்தேன். நேற்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மரியாதை, அப்பா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிள்ளைகள் எத்தனை பேர், கையெழுத்து யார் யார் போட வேண்டும் என்று கேட்டார். நாலு பேரும் போட வேண்டும் என்றேன். எண் கேட்டார், கொடுத்தேன். தப்பா?

அண்ணன்: அம்மா...

அம்மா: இப்போது மறுபடியும் வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். காபி கொடுத்துவிட்டேன். என் வாளியை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்கட்டுமா?