பாலிஷ் போட்டுக் கெடுத்த பேனாக்கத்தி: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

சுங்கை ரோட்டான்:

என் பாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடினார்கள். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், ஒரு சீனப் பெரியவர் தார்ப்பாயில் பரப்பியிருந்த கைக்கடிகாரம், துருப்பிடித்த சாவி, டெலிபோன் கார்டு குவியலுக்குள் ஒரு பேனாக்கத்தி கிடந்தது. 15 வெள்ளி (டாலர்) கேட்டார், 12-க்குத் தந்தார். இரண்டு அலகு, மான்கொம்புப் பிடி. அலகு முழுக்கக் கறுப்பு, அங்கங்கே செந்துரு. அடியில் ஏதோ முத்திரை மங்கலாக இருந்தது. நட்சத்திரம் மாதிரி ஒன்று, சிலுவை மாதிரி ஒன்று, அதற்கு மேல் ஒரு கிரீடம்.

வீட்டுக்கு வந்ததும் டிரில் மெஷினில் பாலிஷ் சக்கரத்தை மாட்டினேன். அரை மணி நேரத்தில் முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. போட்டோ எடுத்து, பல வருடமாகக் கத்தி சேர்க்கும் ஒரு பெரியவருக்கு அனுப்பினேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “கிரீடத்துக்கு ரெண்டு பக்கமும் என்ன எழுத்து இருந்துச்சு தம்பி?”

நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் முத்திரை. கிரீடத்தின் இருபுறமும் வி, ஆர் இருந்தால் விக்டோரியா ராணி காலம், அதாவது 1901-க்கு முன். ஈ, ஆர் என்றால் எட்வர்டு. ஜி, ஆர் என்றால் ஜார்ஜ். கத்தியின் வயதைச் சொல்லும் அந்த எழுத்தைத்தான் நான் சக்கரத்தில் வைத்து அழித்திருந்தேன். போதாததற்கு சின்ன அலகின் நுனி லேசாக நீலம் பூத்திருந்தது. சூட்டில் நீலம் பூத்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். சாணை பிடித்தாலும் கூர் நிற்காது.

கறுப்பு வேறு, செந்துரு வேறு என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. கறுப்பு, இரும்பு தானே போட்டுக்கொண்ட சட்டை. அதை விட்டுவிட வேண்டும். சிவப்புதான் தின்னும், அதை மட்டும் எடுத்தால் போதும்.

செம்பவாங் பேரன்:

அண்ணே, என் கதையில் குற்றவாளி தேங்காய் எண்ணெய்.

தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971-இல் வெள்ளைக்காரன் போய்விட்டான், தாத்தாவின் மடக்குக் கத்தி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. நுனி மழுங்கிய ஒரு அலகு, டின் திறக்கும் கொக்கி, பின்பக்கம் கயிற்றுப் பிரியை விலக்கி முடிச்சுப் போட ஒரு தடித்த ஊசி. அலகில் அம்புக்குறி அடித்திருக்கும், பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கு அடையாளம். பாட்டி வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, பொட்டு வைத்து, பிறகு அலமாரிக்குள் போடுவார். எண்ணெய் காய்ந்து பிசினாகி அலகு அப்படியே ஒட்டிக்கொண்டது.

நான் குறடு போட்டு இழுத்திருந்தால் நகம் வைத்து அலகைத் திறக்கும் குழி உடைந்திருக்கும். நல்ல வேளை, தையல் மெஷின் எண்ணெயைக் கீலில் இரண்டு சொட்டு விட்டுக் காத்திருந்தேன். தினமும் இரண்டு சொட்டு. ஒன்பதாவது நாள் ஒரு நூல் அளவு அசைந்தது. திறந்ததும் அலகு மடங்கும் பள்ளத்தைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டினேன். கயிற்று நார், மணல், சுருட்டுத் தூள் எல்லாம் வந்தது. சுருட்டு வாசனை இருந்ததா என்று கேட்காதீர்கள், இருந்தது என்றுதான் சொல்வேன்.

பிடிக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதையும் குச்சியாலேயே எடுத்தேன். பிடியில் தாத்தா ஆணியால் கீறிய இரண்டு எழுத்து இருக்கிறது. அதன் பக்கம் போகவே இல்லை.

பாட்டியிடம் இனிமேல் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று சொன்னேன். “பூஜைக்கு மெஷின் எண்ணெயா வைப்பாங்க?” என்றார். இப்போது பொட்டு மட்டும்.

தோபாயோ அக்கா:

எங்கள் வீட்டில் ஆறு மாதமாகக் கற்பூர வாசனை. பூஜை அலமாரி பக்கத்திலேயே இருப்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

கேமராவுக்கு வாங்கிய ஈரம் நீக்கும் பெட்டியில்தான் என் கத்திகளையும் வைத்திருந்தேன். இந்த ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரி 80 சதவீதத்துக்கு மேல், வெளியே வைக்க மனம் வரவில்லை. ஒரு நாள் திறந்து பார்க்கிறேன், நடுத்தட்டில் இருந்த நான்கு கத்தி துருப்பிடித்திருக்கிறது. மேல்தட்டும் கீழ்த்தட்டும் சுத்தம். நடுவில் ஆமையோடு மாதிரி மஞ்சளும் பழுப்பும் கலந்த பிடியோடு ஒரு ஜெர்மன் சோலிங்கன் கத்தி. பிடியில் பொடிப்பொடியாக வெடிப்பு.

அது ஓடு இல்லை, செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்வது. வயதானால் அது சிதைந்து அமில வாயு விடும். மூடிய பெட்டிக்குள் அந்த வாயு வெளியே போக வழியில்லாமல் பக்கத்தில் இருந்த இரும்பையெல்லாம் தின்றிருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்த பெட்டிதான் வினை.

இப்போது அந்தக் கத்தி தனியாக, காற்றோட்டமான தட்டில், மற்றவற்றுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. விளக்கு, ஊதுபத்தி பக்கமும் கொண்டுபோவதில்லை, சட்டென்று தீப்பிடிக்கும். தூக்கிப் போட மனமில்லை. தோல் உறையிலும் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஈசூன் வாசி:

சின்னக் கதை. அப்பா வழித் தாத்தா ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். அவர் பெட்டியில் ஒரு மடக்குக் கத்தி. பிடியின் ஒரு முனை எலும்பில், தட்டையாக, மழுங்கலாக நீண்டிருக்கும். யாரோ உடைந்த கத்திக்கு எலும்பை ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து அதை அறுத்தெடுக்கப் போனேன். தேக்காவில் காப்பி குடித்துக்கொண்டிருந்த பழைய தோட்டத்து ஆள் ஒருவர் போட்டோவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். ஒட்டுக் கட்டும் கத்தியாம். அலகால் பட்டையைக் கீறி, எலும்பு முனையால் காயப்படுத்தாமல் தூக்கி, உள்ளே வேறு மரத்தின் மொட்டைச் செருகுவது. வாழைப்பழம் உரிக்கிற மாதிரி கையால் செய்துகாட்டினார். ரம்பத்தை உள்ளே வைத்துவிட்டேன்.

செம்பவாங் பேரன்:

எலும்புதானா, தந்தமா? தந்தம் என்றால் 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே விற்கவோ விற்பனைக்குக் காட்டவோ கூடாது. வீட்டில் வைத்திருக்கலாம்.

ஈசூன் வாசி:

எலும்புதான் தம்பி. கண்ணாடி வைத்துப் பார்த்தால் மிளகு தூவின மாதிரி கறுப்புப் புள்ளி இருக்கிறது. தந்தத்தில் அந்தப் புள்ளி வராது, வெட்டுமுகத்தில் வலை போலக் குறுக்குக் கோடுகள் ஓடும்.

சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் காப்பிக்கடையில் உட்கார்ந்து அவரவர் கத்தியை மேசையில் பரப்பினால் என்ன?

தோபாயோ அக்கா:

நல்ல யோசனை! பக்கத்து மேசைக்காரர் போலீசைக் கூப்பிடுவார், எல்லாரும் சேர்ந்தே போகலாம். தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் இங்கே சிறை, பிரம்படி இரண்டும் உண்டு. “பழைய சாமான் சார்” என்று அங்கே நின்று விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. போட்டோவோடு வாருங்கள், தே தாரிக் டீ நான் வாங்கித் தருகிறேன்.

சுங்கை ரோட்டான்:

போட்டோவே போதும் அக்கா.

என் ராட்ஜர்ஸ் கத்தி பற்றி இருவர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அதை இப்போது அடுக்களையில்தான் வைத்திருக்கிறேன். மாங்காய், எலுமிச்சை, ஆப்பிள் எல்லாம் அதில்தான். புளிப்புப் பட்டுப் பட்டு அலகு மறுபடியும் சாம்பல் நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது, நடுவில் மட்டும் நீலம் கலந்த ஒரு திட்டு. வெட்டி முடித்ததும் துடைத்து ஒரு பொட்டு எண்ணெய், அவ்வளவுதான் பராமரிப்பு. மனைவிக்கு மட்டும் அந்தக் கறை பிடிக்கவில்லை, இரண்டு முறை பாத்திரம் தேய்க்கும் நாரோடு வந்துவிட்டார்.

போன வாரம் நகைக்கடைக் கண்ணாடி ஒன்று கிடைத்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். கிரீடம் இருந்த இடத்துக்கு இடப்பக்கம் ஒரு வளைவு தெரிகிற மாதிரி இருக்கிறது. ஜி எழுத்தின் வயிறா, என் பாலிஷ் சக்கரம் போட்ட கீறலா என்றுதான் பிடிபடவில்லை. நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன், கண் நன்றாகத் தெரிகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.