வீட்டில் சௌராஷ்டிரம் பேசாதீர்கள் என்கிறார்கள், என்ன செய்வது?

சுங்குடிக்காரன்:
மதுரை மகால் பக்கம் குடியிருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. வீட்டில் பேச்செல்லாம் சௌராஷ்டிரம்தான். போன வாரம் வகுப்பில் தாகம் எடுத்து, மிஸ்ஸிடம் “பானி” என்று கேட்டுவிட்டாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். மிஸ் என்னைக் கூப்பிட்டு, “வீட்டிலேயும் தமிழே பேசுங்க, இல்லேன்னா எழுத்துப்பிழை போகாது” என்றார். பாட்டி சாயம் போடும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும்போது இவளும் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் மொழியில் எண்ணுவாள். இப்போது வாயே திறப்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே தமிழில் படித்தவன். எங்கள் மொழிக்கும் பள்ளியில் இடம் கேட்க உரிமை இருக்கிறதா?

ஓய்வுபெற்ற டீச்சர்:
இருக்கிறது தம்பி. அரசியலமைப்பில் 350ஏ என்ற பிரிவை 1956இல் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய அரசு முயல வேண்டும் என்கிறது. “முயல வேண்டும்” என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் நின்றுபோகிறது. 1949இல் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஒரு கணக்கும் வைத்தார்கள்: வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் இருந்தால் அந்த மொழிக்கு ஓர் ஆசிரியர். அதனால் முதலில் தலையை எண்ணுங்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. ஆயாம்மாவுக்குச் சௌராஷ்டிரம் தெரியும். தினமும் கொஞ்ச நேரம் அவனோடு பேச வைத்தேன். அப்புறம்தான் தமிழும் வந்தது. வீட்டுப் பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

திருமங்கலத்தான்:
எங்கள் வீட்டில் தெலுங்கு. அதற்குப் பாடநூலே இருக்கிறது, ஆனாலும் எனக்கு ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. யாரும் கேட்கவில்லை, கிடைக்கவும் இல்லை. நீங்களாவது கேளுங்கள்.

தெப்பக்குளம் தெரு:
நம் மொழி அரசியலமைப்பின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் இல்லை. 2011 கணக்கெடுப்பில் 2,47,702 பேர் தாய்மொழி என்று சொல்லியும், குஜராத்திக்குக் கீழேதான் சேர்த்திருக்கிறார்கள். எந்த எழுத்து என்பதிலும் நமக்குள் ஒத்துப்போகவில்லை. சொந்த எழுத்து, தேவநாகரி, தமிழ் என்று ஆளுக்கொன்று. தமிழ் எழுத்தில் எழுதினால் pa, pha, ba, bha என்ற நான்கு ஒலியும் ஒரே ‘ப’ ஆகிவிடும், பிள்ளைக்கு உச்சரிப்பு போய்விடும். சொந்த எழுத்து 2008இல் யூனிகோடிலேயே ஏறிவிட்டது. கைப்பேசியில் அச்சடித்தே என் மகனுக்குக் கற்றுக்கொடுக்கிறேன்.

சுங்குடிக்காரன்:
நன்றி டீச்சரம்மா. மகளிடமே கேட்டேன். விரல் விட்டு எண்ணி, வகுப்பில் 13 பேர் என்றாள். 10க்கு மேலே இருக்கிறது. மனு எழுதுகிறேன். தலைமை ஆசிரியருக்கா, வட்டாரக் கல்வி அலுவலருக்கா?

ஓய்வுபெற்ற டீச்சர்:
முதலில் தலைமை ஆசிரியரிடம். அந்த 13 வீட்டுப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். நகல் ஒன்றில் தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். “தமிழோடு சேர்த்து” என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.