இங்கிள்ஷம் தேவாலயத்தில் ஒரு மத்தியானம்

நான் பார்த்த பழைய தேவாலயங்களிலேயே மனசில் அப்படியே தங்கிவிட்டது இங்கிலாந்தில் இருக்கும் இங்கிள்ஷம் தேவாலயம்தான். பக்கத்து ஊரான லெச்லேடில் இறங்கி தேம்ஸ் கரையோடு ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். லண்டனில் பார்த்த தேம்ஸா இது என்று இருந்தது, அவ்வளவு ஒடுக்கம், பெரிய படகுகள் இதற்கு மேலே போக முடியாது. ஊர் என்று பார்த்தால் சில வீடுகள், ஒரு பண்ணை. பக்கத்துப் புல்வெளியில் மேடும் பள்ளமுமாகத் தெரிவது முன்பு குடியிருப்பு இருந்த இடமாம்.

உள்ளே நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை. கட்டடத்தில் பெரும்பகுதி 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சின்னக் கதவு வைத்த பெட்டி மாதிரி மர இருக்கைகள், ஒன்றில் போய் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கையில் யார் என்றே தெரியாது. சுவரில் ஓவியத்தின் மேல் ஓவியம், அதன் மேல் வேத வசனம், சில இடங்களில் ஏழு அடுக்கு வரை. ஒரு வரியை வாசிக்கப் போனேன், பாதியிலேயே அடியில் இருந்த பழைய எழுத்து மேலே வந்து குறுக்கிட்டது. அங்கேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

இதெல்லாம் மிஞ்சியதற்கு 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் புதுப்பிக்கிறோம் என்று பழைய தேவாலயங்களின் பூச்சைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை எதிர்த்து 1877-இல் சங்கமே தொடங்கியவர், பக்கத்தில் கெல்ம்ஸ்காட்டில் வீடு வைத்திருந்தார். 1888-89-இல் இங்கே பழுது பார்த்தபோது இருந்ததை இருந்தபடியே காப்பாற்றினார். இதை நேசித்தவர் என்று உள்ளே ஒரு பலகையில் எழுதியிருக்கிறார்கள், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் அந்த மாதா சிற்பம், அதைத் தவற விடாதீர்கள். சாக்சன் காலத்தது, அதாவது 1066-க்கு முந்தையது. மாதா மடியில் குழந்தை, மேலேயிருந்து கடவுளின் கை குழந்தையைச் சுட்டுகிறது. ஒரு காலத்தில் இதை வெளிச்சுவரில் பதித்து வெயில் கடிகாரமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதற்குக் கீறிய கோடுகள் கல்லில் இன்னும் இருக்கின்றன.

கிளம்பும்போது பூக்குவளையில் தண்ணீர் மாற்ற வந்த ஒரு பாட்டி, "கதவை நன்றாகச் சாத்திவிட்டுப் போம்மா, குருவி உள்ளே போய்விடும்" என்றார். சாத்திவிட்டு, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை தள்ளியும் பார்த்துவிட்டுத்தான் ஆற்றுப் பக்கம் இறங்கினேன்.